டெர்மினல் எஸ்கேப் சீக்வென்ஸுக்கு (எழுத்துத் திரையில் வண்ணம், கர்சர் நகர்வு போன்றவற்றுக்கு அனுப்பும் குறிகளுக்கு) லைப்ரரி வேண்டுமா, கையாலேயே எழுதிக்கொள்ளலாமா?

கேட்டவர் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி. சோதனை மெஷின்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று காட்டும் ஒரு திரையை டெர்மினலிலேயே, கோ மொழியில் எழுதியிருக்கிறார். பச்சை, சிவப்பு எல்லாவற்றுக்கும் எஸ்கேப் சீக்வென்ஸைக் கையாலேயே தட்டிப் போட்டிருக்கிறார், அது ஓடுகிறது. ஆனால் மூன்று தொல்லை. மேல் அம்பை அழுத்தினால் சில சமயம் புரோகிராமே மூடிக்கொள்கிறது, அதுவும் வீட்டிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக (இணையத்தின் மூலம் தொலைவிலிருந்து) நுழையும்போதுதான். மெஷின் அனுப்பும் லாகில் உள்ள வண்ணக் குறிகளை ரெஜெக்ஸால் (எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரத்தால்) நீக்கினால் பாதி போகிறது, பாதி குப்பையாக நிற்கிறது. ஆபரேட்டர்களின் பெயர் தமிழில் வந்தால் அட்டவணைக் கோடு கோணிக்கொள்கிறது. "இதற்கெல்லாம் லைப்ரரி போட வேண்டுமா அண்ணே, போட்டால் எது?" என்று கேட்கிறார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன் தம்பி. எழுதுவதற்கு லைப்ரரி இல்லாமலும் சமாளிக்கலாம். படிப்பதற்கு லைப்ரரி இல்லாமல் இறங்காதீர்கள். உங்கள் முதல் இரண்டு தொல்லையும் படிப்பதில் வருபவை. மூன்றாவது தனி வழக்கு, அதில் எந்த லைப்ரரியும் உங்களை முழுசாகக் காப்பாற்றாது. அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். டெர்மினலுக்கும் உங்கள் புரோகிராமுக்கும் நடுவே போக ஒரு குழாய், வர ஒரு குழாய், அவ்வளவுதான் இருக்கிறது. எழுத்தும் அதே குழாயில்தான் போகிறது, "சிவப்பாக்கு" என்ற கட்டளையும் அதே குழாயில்தான் போகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது 27 என்ற ஒரு பைட். எஸ்கேப் என்று நான் எழுதும் இடமெல்லாம் அந்த 27தான். எஸ்கேப், அதற்குப் பின் [, அப்புறம் 31, கடைசியில் சின்ன எம்: இது வந்தால் சிவப்பு. எஸ்கேப்பும் [ குறியும் சேர்ந்த தலைப்பைத்தான் சி.எஸ்.ஐ. என்கிறார்கள். டி.இ.சி. நிறுவனத்தின் வி.டி.100 டெர்மினல் 1978-இல் வந்தது, அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1976-இல், இந்தச் சீக்வென்ஸ்களுக்கான எக்மா-48 என்ற தரம் எழுதப்பட்டுவிட்டது. இன்று உங்கள் லேப்டாப்பில் ஓடும் டெர்மினல் ஜன்னல் 24 வரி, 80 கட்டம் கொண்ட அந்தப் பழைய பெட்டி மாதிரி நடிக்கிறது. நடிப்பு என்பதால் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

சரி, எழுதும் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். வண்ணம் 31, 32, தடித்த எழுத்து 1, எல்லாவற்றையும் பழையபடி ஆக்க 0, இவை இன்றைய டெர்மினல்கள் அநேகமாக எல்லாவற்றிலும் ஓடும். 256 வண்ணம் வேண்டுமானால் 38;5; என்று போட்டு வண்ண எண், முழு வண்ணம் வேண்டுமானால் 38;2; போட்டு சிவப்பு, பச்சை, நீல அளவு மூன்று. இதற்கெல்லாம் ஒரு பத்து வரி ஃபங்ஷன் போதும். பழைய ஆட்கள் டெர்ம்இன்ஃபோ பட்டியலை (எந்த டெர்மினலுக்கு எந்தச் சீக்வென்ஸ் என்று சொல்வது) கேட்காமல் எதையும் அனுப்பக் கூடாது என்பார்கள். ஆளுக்கொரு மொழி பேசும் டெர்மினல்கள் இருந்த காலத்தில் அது நியாயம். இன்று விண்டோஸ் கன்சோலே விண்டோஸ் 10-லிருந்து இதே மொழியைப் பேசப் பழகிவிட்டது, அதனால் வண்ணத்துக்கு மட்டும் என்றால் நான் டெர்ம்இன்ஃபோவைத் தேடிப் போவதில்லை.

கையால் எழுதுகிறவர்கள் மறப்பது வேறு சில விஷயங்கள். வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா, யாராவது அதைக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வண்ணம் அனுப்ப வேண்டும். நோ_கலர் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் வைத்திருந்தால் வண்ணமே கூடாது என்ற வழக்கம் 2017 முதல் இருக்கிறது, அதையும் மதித்துவிடுங்கள், இரண்டு வரிதான். அப்புறம் பெரிய பாவம்: மாற்றுத் திரைக்குப் போய் கர்சரை மறைத்துவிட்டு, நடுவில் புரோகிராம் செத்துப்போனால் எதையும் திருப்பிக் கொடுக்காமல் போவது. எல்லாவற்றுக்கும் முன்னால் எஸ்கேப் [ போட்டு, போகும்போது ?1049 எச், ?25 எல், வரும்போது ?1049 எல், ?25 எச். இந்தத் திருப்பிக் கொடுக்கும் வேலை கோ மொழியில் டிஃபரில் (ஃபங்ஷன் முடியும்போது ஓடும் வரியில்) இருந்தால் மட்டும் போதாது, சிக்னல் வந்தாலும், கூடவே ஓடும் வேறொரு கோரூட்டீன் பேனிக் ஆகி விழுந்தாலும் நடக்க வேண்டும். இல்லையென்றால் பயன்படுத்துகிறவர் கர்சர் இல்லாத திரையில் குருட்டுத்தனமாக ரீசெட் என்று தட்டி என்டர் அழுத்திக்கொண்டிருப்பார். நல்ல லைப்ரரி போட்டால் கிடைக்கும் லாபம், எழுதும் பக்கத்தில், பெரும்பாலும் இந்தச் சுத்தம்தான்.

இனி படிக்கும் பக்கம். இங்கேதான் சரக்கு இருக்கிறது.

உங்கள் மேல் அம்பு என்ன அனுப்புகிறது என்று பாருங்கள். எஸ்கேப், [, பெரிய ஏ. மூன்று பைட். எஸ்கேப் கீயை அழுத்தினால் என்ன போகிறது? வெறும் எஸ்கேப், ஒரே பைட். நீங்கள் எஸ்கேப் வந்தால் வெளியேறு என்று எழுதியிருப்பீர்கள், சரிதானே? அலுவலகத்தில் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுத்தும்போது மூன்று பைட்டும் ஒரே ரீடில் (ஒரே தடவைப் படிப்பில்) கைக்கு வந்துவிடுகின்றன, நீங்கள் முழுசாகப் பார்த்து அம்பு என்று புரிந்துகொள்கிறீர்கள். வீட்டு இணையத்தில், எஸ்.எஸ்.எச். வழியாக வரும்போது 27 ஒரு பாக்கெட்டிலும் மற்ற இரண்டும் அடுத்த பாக்கெட்டிலும் வந்து சேரலாம். உங்கள் ரீடுக்குக் கிடைப்பது தனி 27. ஆசாமி எஸ்கேப் அழுத்திவிட்டார் என்று நினைத்துப் புரோகிராம் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறது. இது உங்கள் தப்பு என்று கூடச் சொல்ல முடியாது, அந்தக் காலத்து அமைப்பிலேயே உள்ள ஓட்டை.

இதற்கு வழி ஒன்றுதான், காத்திருப்பது. 27 தனியாக வந்தால் உடனே முடிவு கட்டாமல் கொஞ்ச நேரம் பொறுத்து, அடுத்த பைட் வருகிறதா என்று பார்த்துவிட்டு, வரவில்லை என்றால்தான் எஸ்கேப் கீ என்று எடுத்துக்கொள்வது. எவ்வளவு நேரம் என்பதில்தான் சண்டை. சி மொழிக்கான பழைய என்கர்சஸ் லைப்ரரியில் அந்த நேரம் சொல்லாமல் விட்டால் 1000 மில்லிசெகண்ட், அதாவது ஒரு முழு விநாடி, அதனால்தான் சில பழைய புரோகிராம்களில் எஸ்கேப் அழுத்தினால் தூங்கி எழுந்து பதில் சொல்கிற மாதிரி இருக்கும். நான் 50 வைப்பேன், மோசமான இணைப்பு என்றால் 100. புதிய டெர்மினல்கள் சிலவற்றில் கிட்டி கீபோர்டு புரோட்டோகால் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் எஸ்கேப் கீயே எஸ்கேப் [ 27 யு என்று முழு சீக்வென்ஸாக வரும், குழப்பமே கிடையாது. ஆனால் எல்லா டெர்மினலிலும் அது இல்லை, ஆகவே பொறுத்துப் பார்க்கும் வழியும் கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், மேல் அம்பு எப்போதுமே [ ஏ என்று வராது. டெர்மினல் வேறொரு முறையில் இருந்தால் எஸ்கேப், பெரிய ஓ, பெரிய ஏ என்று வரும். இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

இதைவிட வேடிக்கையான ஒன்று இருக்கிறது. கர்சர் எங்கே நிற்கிறது என்று டெர்மினலைக் கேட்க எஸ்கேப் [ 6 என் அனுப்புவோம். பதில் எஸ்கேப் [ வரி, கட்டம் பெரிய ஆர் என்று, யாரோ கீபோர்டில் தட்டியது போல, அதே உள்ளே வரும் குழாயில் வரும். கர்சர் முதல் வரி, இரண்டாம் கட்டத்தில் இருந்தால் பதில் எஸ்கேப் [ 1;2 ஆர். இப்போது எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் புரோகிராமின் வழியில் நடக்கும் டெர்மினலில் ஷிஃப்டோடு எஃப்3 அழுத்திப் பாருங்கள். அதுவும் எஸ்கேப் [ 1;2 ஆர்தான்! பைட்டுக்கு பைட் ஒன்று. எந்தப் பார்சராலும் (வரும் பைட்டுகளைப் பிரித்துப் பொருள் காணும் நிரலாலும்) பார்த்துச் சொல்ல முடியாது, நாம் இப்போது கேள்வி கேட்டிருக்கிறோமா இல்லையா என்று நினைவு வைத்திருந்தால்தான் உண்டு. கேள்வியிலேயே 6-க்கு முன்னால் ? சேர்த்துக் கேட்டால் பதிலும் ? சேர்ந்து வரும், அப்போது குழப்பம் தீரும். இந்த மாதிரிச் சின்னச் சின்ன அனுபவங்களைச் சேர்த்து வைத்திருப்பதற்குத்தான் லைப்ரரிக்கு மதிப்பு, ஏதோ பெரிய கணிதம் இருக்கிறது என்பதற்காக இல்லை.

லாகில் உள்ள குறிகளை ரெஜெக்ஸால் நீக்குவது பற்றி. நீங்கள் போட்டிருப்பது எஸ்கேப் [ எண்கள் எம் என்ற ரெஜெக்ஸாகத்தான் இருக்கும், எல்லாரும் அதைத்தான் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டுவார்கள். அது வண்ணத்தை மட்டும் நீக்கும். தரத்தின்படி சி.எஸ்.ஐ.-க்குப் பின் 48 முதல் 63 வரை உள்ள பைட்டுகள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம், அதன்பின் 32 முதல் 47 வரை உள்ளவை வரலாம், கடைசியில் 64 முதல் 126 வரை ஒன்று வந்தால்தான் முடிவு. அந்த முடிவு பைட் எம்-ஆக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சரி, இதையும் ரெஜெக்ஸில் எழுதிவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஓ.எஸ்.சி. வரும்: எஸ்கேப், ] குறி, அதன்பின் எவ்வளவு நீளமான எழுத்தும் வரலாம், முடிவு பைட் 7 ஆகவும் இருக்கலாம், எஸ்கேப் \ என்ற இரண்டு பைட்டாகவும் இருக்கலாம். ஜன்னல் தலைப்பு, சொடுக்கக்கூடிய இணைப்பு எல்லாம் இதில்தான் போகின்றன. இணைப்பு என்றால் 8;; போட்டு முகவரி, பிறகு எழுத்து, பிறகு வெறும் 8;;. உங்களிடம் மிச்சமாகும் குப்பையில் 8;; தெரிந்தால் அது இதுதான்.

இதில் சோம்பலுக்கு இடமில்லாத ஒரு காரணமும் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் லாகை அப்படியே டெர்மினலில் கொட்டுவது ஆபத்து. ஓ.எஸ்.சி. 52 என்பது டெர்மினல் வழியாக உங்கள் கிளிப்போர்டில் எழுதும் சீக்வென்ஸ், சில டெர்மினல்கள் அதை அனுமதிக்கின்றன. ஒரு காலத்தில் ஜன்னல் தலைப்பை வைத்துவிட்டு "தலைப்பு என்ன?" என்று கேட்டால் டெர்மினல் அதை நீங்களே தட்டியது போலத் திருப்பி அனுப்பிவிடும், அதை வைத்துக் கட்டளை புகுத்தலாம் என்று 2003-இலேயே எழுதிவைத்துவிட்டார்கள். மெஷின் லாகில் யாரும் விஷமம் செய்யமாட்டார்கள் என்று நினைக்கலாம். அந்த லாகில் பார்கோடு ஸ்கேனரிலிருந்து வந்த எழுத்தும் இருக்குமே.

ஆக, வேண்டியது ரெஜெக்ஸ் இல்லை, ஸ்டேட் மெஷின். ஒரு பைட் வரும், இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்று பார்த்து அடுத்த நிலைக்குப் போவோம். சீக்வென்ஸ் பாதியில் அறுந்து அடுத்த ரீடில் தொடர்ந்தாலும் கவலை இல்லை, நிலை நினைவில் இருக்கிறது. பால் வில்லியம்ஸ் என்பவர் டி.இ.சி. டெர்மினல்கள் உண்மையில் எப்படி நடந்துகொண்டன என்று பார்த்து இதற்கு ஒரு முழுப் படம் வரைந்து வைத்திருக்கிறார், இந்தத் துறையில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். அலாக்ரிட்டி டெர்மினலுக்காக ரஸ்ட் மொழியில் எழுதிய வி.டி.இ. என்ற லைப்ரரி அந்தப் படத்தின் வழியில்தான் நடக்கிறது. பார்சர் தானாக எதையும் செய்யாது. எழுத்து வந்தது, கட்டுப்பாட்டு பைட் வந்தது, சி.எஸ்.ஐ. முடிந்தது, ஓ.எஸ்.சி. முடிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும், அவ்வளவுதான். குறிகளை நீக்க வேண்டுமா? எழுத்து வந்தது என்ற ஒன்றையும் புது வரி, டாப் போன்றவற்றையும் மட்டும் வெளியே விடுங்கள், மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்தது.

"ஸ்டேட் மெஷின்தானே அண்ணே, நானே எழுதிவிடுகிறேன்" என்று நீங்கள் கிளம்புவீர்கள் என்று தெரியும். நானும் கிளம்பினவன்தான். அந்தக் கதையைக் கேளுங்கள்.

இப்போது நான் கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம். அதற்கு முன் பினாங்கில் இருந்தபோது ஜார்ஜ்டவுனில் சொந்தக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு சின்ன உதவி செய்யப் போனேன். கல்லாவில் ஒரு பழைய புரோகிராம், ஆர்டரை வண்ண வண்ணமாக டெர்மினலில் காட்டும். அதை வாங்கி, வண்ணத்தைக் கழற்றிவிட்டு, சமையல்கட்டில் மாட்டியிருக்கும் திரைக்கு வெறும் எழுத்தாக அனுப்ப வேண்டும். ஒரு சாயங்காலத்தில் பார்சர் எழுதிவிட்டேன். ஏதோ ஒரு பழைய அட்டவணையைப் பார்த்து, எஸ்கேப்புடன் ஒரு எழுத்து என்ற இரண்டு பைட்டுக்குப் பதில் 128 முதல் 159 வரை உள்ள ஒற்றை பைட்டும் வரலாம் என்று படித்து, அதையும் விடாமல் சேர்த்தேன். நீளமான தகவலைத் தொடங்கிவைக்கும் கட்டளைகள் மூன்று: டி.சி.எஸ். என்பதற்கு 144, ஏ.பி.சி. என்பதற்கு 159, பி.எம். என்பதற்கு 158. இந்த மூன்றில் எது வந்தாலும், முடிவைக் குறிக்கும் 156 வரும்வரை உள்ள எல்லாவற்றையும் விழுங்கிவிடு என்று எழுதினேன். என் வீட்டில் ரோமன் எழுத்தில் மலாய்ப் பெயர்களை வைத்துச் சோதித்தேன், கச்சிதமாக ஓடியது.

கடையில் மாட்டிய முதல் நாள் காலையிலேயே திரை "ரொ" என்று காட்டிவிட்டு நின்றுவிட்டது. வந்தது ரொட்டி சானாய். ரொ-வுக்குப் பின் ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி, அதோடு சரி. கல்லாவில் ஆர்டர் போய்க்கொண்டே இருக்கிறது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன், ரௌட்டரை அணைத்துப் போட்டேன், எல்லாம் செய்தாயிற்று. தானாகச் சில சமயம் சரியாகிறது, மறுபடி நிற்கிறது. மூன்றாம் நாள் சாயங்காலம் அடுப்படியில் நிற்கும் அண்ணன்தான் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "தம்பி, பஜ்ஜி ஆர்டர் வந்தா சரியாயிடுது."

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், ராத்திரி பைட்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. யூனிகோடு எழுத்தைப் பைட்டாக்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ட என்பது 224, 174, 159. அந்தக் கடைசி 159-ஐ என் பார்சர் ஏ.பி.சி. தொடக்கம் என்று நினைத்து வாயைத் திறந்துவிட்டது. ஜ என்பது 224, 174, 156. அந்த 156 வந்ததும் வாயை மூடிக்கொண்டது. தமிழ் எழுத்தில் 156-இல் முடிவது ஜ ஒன்றுதான். வடையும் ரொட்டியும் இல்லாத கடை ஏது? திறக்க எல்லா ஆர்டரிலும் ஆள் இருந்தது, மூட பஜ்ஜி ஒன்றுதான் இருந்தது. ஐஸ் கச்சாங்கில் ஐ 144, அதுவும் திறப்பான். இஞ்சியில் ஞ 158, அதுவும்தான்.

நல்லவேளை நான் மற்ற ஒற்றை பைட்டுகளைச் சேர்க்கவில்லை. அ-வின் கடைசி பைட் 133, அதற்குப் பொருள் அடுத்த வரிக்குப் போ. புள்ளியின் கடைசி பைட் 141, அதற்குப் பொருள் ஒரு வரி மேலே ஏறு. உண்மையாகவே 8-பிட் முறையில் இருக்கும் டெர்மினலுக்குத் தமிழ் யு.டி.எஃப்-8-ஐ அனுப்பினால் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் கர்சர் மாடிப்படி ஏறிக்கொண்டே இருக்கும்.

திருத்தம் எளிது. முதலில் யு.டி.எஃப்-8-ஐப் பிரித்து முழுக் குறியாக்கிக்கொண்டு, பிறகுதான் ஸ்டேட் மெஷினுக்குக் கொடுக்க வேண்டும், அல்லது பார்சரே யு.டி.எஃப்-8 தெரிந்ததாக இருக்க வேண்டும். தனி 155 (சி.எஸ்.ஐ.-க்கு உரிய ஒற்றை பைட்), தனி 159 என்பதை யு.டி.எஃப்-8 ஓட்டத்தில் கட்டளையாக எடுக்கவே கூடாது. இதை ஆங்கிலம் மட்டும் தட்டுகிறவர்கள் எழுதிய சின்னச் சின்ன லைப்ரரிகளில் எப்போதும் சோதித்துப் பாருங்கள். வடை என்று ஒரு சொல் போதும்.

கடைசியாக அந்தக் கோணல் அட்டவணை. பினாங்கு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு நான்கு எழுத்து: பி, னா, ங், கு. யூனிகோடுக்கு எட்டுக் குறி. பைட் கணக்கில் 24. நீங்கள் கோ மொழியில் பைட்டை எண்ணும் லென் போட்டு இடைவெளி நிரப்பியிருந்தால் 24 என்று எடுத்திருப்பீர்கள், முதல் கோணல் அங்கே. ரூன் (யூனிகோடு குறி) எண்ணியிருந்தால் 8, அதுவும் தப்பு. டெர்மினலில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று கேட்டால், மார்கஸ் கூன் எழுதிப் பல இடங்களில் நகலான, குறிக்கு எத்தனை கட்டம் என்று சொல்லும் பழைய டபிள்யூ.சி.விட்த் கணக்குப்படி 7. இந்தச் சொல்லில் புள்ளிக்கு மட்டும் இடம் கிடையாது, மற்ற துணைக்குறிகளுக்கு ஆளுக்கு ஒரு கட்டம். அதிலும் ஒரு கூத்து உண்டு. யூனிகோடில் இகரக் குறி ஒரு வகை, ஈகாரக் குறி வேறு வகை, அதனால் அந்தக் கணக்கில் கி இரண்டு கட்டம், கீ ஒரே கட்டம்! குறிலுக்கு இரண்டு, நெடிலுக்கு ஒன்று என்று எந்தத் தமிழ் வாத்தியாரிடம் சொன்னாலும் பிரம்பை எடுப்பார். புதிய லைப்ரரிகளில் சில இதை மாற்றிவிட்டன, துணைக்குறிகளை முன் எழுத்தோடு சேர்த்து எண்ணுகின்றன. அதுதான் நியாயம், ஆனால் உங்கள் லைப்ரரி நியாயமாக எண்ணி, ஆபரேட்டரின் டெர்மினல் பழைய கணக்கில் எண்ணினால் மறுபடி கோணல்தான். இருவரும் ஒரே தப்பைச் செய்தால்கூடக் கோடு நேராக நிற்கும், ஒருவர் மட்டும் திருந்தினால் நிற்காது.

நம் ஊரிலேயே முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சலைக் கொண்டுவந்தார், கணினியில் தமிழ் எழுதுவது அதற்குப் பிறகு எங்கேயோ போய்விட்டது, கைப்பேசியில் பாட்டிகள் தட்டுகிறார்கள். டெர்மினல் மட்டும் இன்னும் ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற தட்டச்சு இயந்திரக் கணக்கில் நிற்கிறது.

நான் சொன்ன குறுக்கு வழி இதுதான்: அகலத்தை நம்பாதீர்கள். பெயருக்குப் பின் இடைவெளி நிரப்பி அடுத்த நெடுவரிசைக்குப் போவதற்குப் பதில், எஸ்கேப் [ 30 பெரிய ஜி அனுப்பினால் கர்சர் அந்த வரியின் 30-ஆம் கட்டத்துக்கு நேராகப் போய்விடும், பெயர் 7 கட்டம் பிடித்ததா 4 பிடித்ததா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. முதலில் வரியை எஸ்கேப் [ 2 பெரிய கே அனுப்பித் துடைத்துவிட்டு, தமிழ்ப் பெயரை எழுதி, அப்புறம் 30-க்குத் தாவி அடுத்ததை எழுதுங்கள். பெயர் 30-ஐத் தாண்டும் நீளமானால் மட்டும் வெட்ட வேண்டும், அங்கே லைப்ரரியின் கணக்கில் பெரிய விடையை எடுத்துக்கொண்டால் பத்திரம்.

சரியான அகலமே வேண்டும் என்றால் டெர்மினலையே கேளுங்கள். புரோகிராம் தொடங்கும்போது ஒரு வரியின் முதல் கட்டத்தில் கி என்று எழுதி, கர்சர் எங்கே என்று கேளுங்கள். இரண்டாம் கட்டம் என்றால் சேர்த்து எண்ணும் டெர்மினல், மூன்றாம் கட்டம் என்றால் பழைய கணக்கு. எழுதியதைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடருங்கள். இதை முதல் வரியில் மட்டும் செய்யாதீர்கள், பதில் 1;2 ஆர் என்று வரும், ஷிஃப்ட் எஃப்3 யாரோ அழுத்தினார் என்று உங்கள் பார்சரே உங்களை ஏமாற்றும். இரண்டாம் வரியில் செய்தால் அந்தத் தொல்லை இல்லை.

எந்த லைப்ரரி? நீங்கள் கோ என்பதால் சார்ம் குழுவின் எக்ஸ்/ஆன்சி போதும். சீக்வென்ஸ் உண்டாக்கவும் இருக்கிறது, பிரிக்கவும் இருக்கிறது, குறிகளை நீக்க, அகலம் அளக்க, வண்ணம் அறுந்துவிடாமல் வெட்ட எல்லாம் உண்டு. முழுத் திரையையும் அதன் கையில் கொடுத்துவிட விருப்பமிருந்தால் அதே குழுவின் பபிள் டீ, நம் ஊர் பபிள் டீ இல்லை, அதுவோ, டீசெல் என்ற வேறொரு லைப்ரரியோ எடுக்கலாம். உங்கள் நிலைமையில் நான் முழு மாற்றம் செய்யமாட்டேன், வண்ணத்துக்கு நீங்கள் எழுதியது இருக்கட்டும், கீ படிப்பதையும் லாக் துடைப்பதையும் மட்டும் லைப்ரரிக்கு மாற்றுங்கள். பைதான் நண்பர்கள் கேட்டால் கீ படிக்க பிராம்ப்ட்_டூல்கிட், மெஷினின் முழுத் திரையையே நினைவகத்தில் வரைந்து பார்க்க வேண்டுமானால் பைட்டி. ரஸ்ட் என்றால் எழுத கிராஸ்டெர்ம், பிரிக்க வி.டி.இ. சி மொழியில் மாட்டிக்கொண்டவர்கள் என்கர்சஸையே கட்டிக்கொள்ளலாம், அந்த ஒரு விநாடிக் காத்திருப்பை மட்டும் குறைத்துவிடுங்கள்.

மாற்றி முடித்ததும் எனக்காக ஒரு சோதனை. ஒரு கோப்பில் வடை, ரொட்டி, இஞ்சி, ஐஸ் கச்சாங் என்று நான்கு வரி, ஒவ்வொன்றுக்கும் வேறு வண்ணம், நடுவில் ஒரு சொடுக்கும் இணைப்பு. பஜ்ஜி வேண்டாம். அதை ஒரு தடவைக்கு ஒரே ஒரு பைட்டாக உங்கள் பார்சருக்கு ஊட்டுங்கள். நான்கு வரியும் முழுசாக வெளியே வந்தால் வேலைக்கு ஆகும். எங்கேயாவது நின்றால் எந்த எழுத்தில் நின்றது என்று அதன் மூன்று பைட்டோடு எழுதுங்கள், பார்க்கிறேன்.